எண்பத்தேழில் கொதிக்கும் ஊர்

எல் ஆல்தோவில் தண்ணீர்
எண்பத்தேழு டிகிரியிலேயே கொதித்துவிடும்.
அவசரக்கார ஊர்.
சாந்தா க்ரூஸ் சமவெளியிலிருந்து
ரொட்டிக்கடை போட வந்த டெல்ஃபினாவுக்கு
இதை யாரும் சொல்லவில்லை.

நான் சொல்லியிருக்கலாம்.
எதிர்க்கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன்.
மூன்றே மாதம் தாங்குவாள் என்று
மினிபஸ் ஓட்டுநர்களிடம்
பந்தயம் கட்டியிருந்தேன்.
அதனால் சொல்லவில்லை.

முதல் நாள்
மாவு தொட்டியை மீறிப் பொங்கியது.
கைதட்டினாள்.
அடுப்புக்குள் போனதும்
ஏறின வேகத்தில் இறங்கி
நடுவில் குழிந்து உட்கார்ந்தது,
யாரோ மிதித்த தொப்பி மாதிரி.
நாற்பது தொப்பிகள்.
என் நாய் சாஸ்கிக்கு அன்று திருவிழா.

மறுநாள் ஈஸ்டைக் கூட்டினாள்.
இன்னும் உயர எழுந்து
இன்னும் ஆழமாக விழுந்தது.

அழுதாளா, தெரியாது.
ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
கீழே இரண்டு கால்கள் மட்டும்,
வெகுநேரம் அசையாமல்.
பிறகு ஒரு கால் ஸ்டூல் மேல் ஏறியது.
அப்புறம் மற்றது.
பலகைக்கு ஆணி அடிக்கும் சத்தம்.

விடிந்து பார்த்தால்
கடை முகப்பிலேயே ஓர் அலமாரி.
தோற்ற ரொட்டிகளில் ஒவ்வொன்று,
நடுவில் அறுத்து, வயிறு தெரிய,
கீழே எண், தேதி,
மாவு இத்தனை, உப்பு இத்தனை,
அன்றைக்கு வெயிலா பனியா.
இந்த ஊர்க் காற்றில் ரொட்டிக்குப் பூஞ்சை பிடிக்காது.
காய்ந்து கல்லாகி
அப்படியே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்.

"விற்பனைக்கா?" என்றார் கேபிள் கார் காவலாளி.
"படிக்க" என்றாள்.
சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாக.

விழுந்தாலும்
மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற சாதி நான்.
அவளோ
ஒட்டிய மண்ணைச் சுரண்டி எடுத்து
தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் எண்ணில் வயிறெல்லாம் குகை.
பதினான்கு, மேலே கருகி உள்ளே களி.
பத்தொன்பதில் உப்பை மறந்தே போனாள்,
அதையும் மறைக்காமல் எழுதி வைத்தாள்.
இருபத்திரண்டின் முன்னால் நின்று
தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்:
மேலே அமுக்கக் காற்றில்லாத ஊரில்
நான்தான் அமுக்க வேண்டும்.

ஈஸ்ட் பாதியானது.
தண்ணீர் ஒரு கை கூடியது.
எழும்போதே மாவுக்கு ஒரு குத்து.
மறுபடி எழும், மறுபடி ஒரு குத்து.
பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஆகஸ்டில், குழாயெல்லாம் உறைந்த ஒரு காலை,
முப்பத்தொன்று வெளியே வந்தது.
இடப்பக்கம் லேசாக வெடிப்பு.
மற்றபடி
நிமிர்ந்து நின்றது.
வரிசை என்று சொல்ல முடியாது.
காவலாளி, ஒரு சுமைகூலி,
முதுகில் பிள்ளையைக் கட்டிய ஒருத்தி.
ஐம்பது சென்டாவோ கொடுத்து நானும் ஒன்று வாங்கினேன்.
பிட்டதும் ஆவி மூக்கில் அடித்தது.
சாஸ்கி வாசலில் உட்கார்ந்து
நெடுநேரம் காத்திருந்தது. பாவம், அதற்குத்தான் நஷ்டம்.

பந்தயப் பணத்தைக் கட்டிவிட்டு
கடைக்குத் திரும்பினேன்.
ஒரு டியூப் காத்திருந்தது.
காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் முக்கி,
எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பது
இருபது வருடமாக என் பிழைப்பு.

எனக்கும் ஒரு காலத்தில்
மைத்துனனோடு கூட்டாக
இரண்டு மினிபஸ் இருந்தது.
போய்விட்டது.
யார் கேட்டாலும்
"நேரம் சரியில்லை" என்பேன்,
குடித்திருந்தால்
"மைத்துனன் சரியில்லை" என்பேன்.

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
டயர் அடுக்குக்கு அடியிலிருந்து
அந்தக் கணக்கு நோட்டை உருவினேன்.
தூசி தும்மவைத்தது.
இரண்டாம் பக்கத்திலேயே
ஒரு குமிழி.

அந்த வரி
மைத்துனன் கையெழுத்தில் இல்லை.